என் அப்பா கட்டாத கோயில்

பாறசாலை
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகன் ஜெனிலுக்கு,

கர்த்தர் தந்த சுகத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் ரெஜிலாவும் அக்சாக் குட்டியும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். மனசு கொதித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், இருந்தாலும் சுகம் விசாரிக்காமல் சண்டை போட எனக்குத் தெரியாது. கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தபால் அனுப்புகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுக்களையில் நிற்பாய், ரெஜிலா கேட்பாள், பிள்ளை கேட்கும். ரெஜிலாவுக்குத் தமிழ் பேசினால் கொஞ்சம் புரியும், வாசிக்கத் தெரியாது. உன்னை நான் சின்ன வயதில் காதைப் பிடித்துத் தமிழ் ஓய்வுநாள் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனேன், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று நீ அழுதாய். எதற்கு என்று இப்போது தெரிந்துகொள். உன் மானம் உன் வீட்டுக்குள் கெடாமல் நான் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இந்த ஒரு பாஷைதான் மிச்சம் உண்டு.

முதலில் வீட்டு விசேஷம் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு எழுத வராது. அம்மாவுக்கு முட்டுவலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, குளத்தூரில் ஒரு வைத்தியர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறாள், வீடு முழுவதும் அந்த நாற்றம்தான். மழை இந்த வருஷம் முந்திக்கொண்டது, கிணறு பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. கரண்ட் கம்பியில் உரசிக்கொண்டிருந்த பலாக்கொம்பை மின்சார ஆபீஸ்காரர்கள் வந்து வெட்டிவிட்டுப் போனார்கள், அதில் நின்ற பிஞ்சையெல்லாம் பார்த்து அம்மா வாயில் வந்ததைச் சொன்னாள். அடுத்த வீட்டு அகிலுக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, போகும்முன் உன்னிடம் பேச வேண்டும் என்றான், நேரம் கிடைத்தால் கூப்பிடு. என் பென்ஷன் வருகிறது, மருந்து கிடைக்கிறது, பனச்சமூட்டுக்குப் போய் மீன் வாங்கிவரக் காலில் பலம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு குறையும் நீ வைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

அக்சாவின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவரவர் முன்னோருடைய ஊரைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் விசாரித்துப் பாட்டு எழுத வேண்டும் என்று சொன்னபோது, பாட்டாவிடம் கேள் என்று போனை அவள் கையில் கொடுத்தது நீதான். அதை மறக்காதே. நானாகப் போய் கதை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் கூப்பிட்டாள், நான் ஆராதனை முடிந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். என்னவெல்லாம் கேட்டாள். உங்க ஊரில் ஆனை உண்டா, கடல் வீட்டிலிருந்து தெரியுமா, கேரளாவும் தமிழ்நாடும் சேருகிற இடத்தில் சுவர் உண்டா. சுவர் ஒன்றும் கிடையாது மக்கா, பனச்சமூட்டில் இந்தப் பக்கம் சாயா குடித்துவிட்டு ரோட்டைக் கடந்தால் வேறு மாநிலம் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போ நாம எந்தப் பக்கம் பாட்டா என்று கேட்டாள். கோடு போட ஆள் வருவதற்கு முன்னாலேயே நாம இங்க இருக்கோம், காலையில் தமிழில் ஜெபிப்போம், மத்தியானம் மலையாளத்தில் சண்டை போடுவோம் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கிழித்தே ஆயுசைக் கழித்த எனக்கு, நான் சொல்வதை ஒரு ஆள் எழுதிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது.

பிறகு என் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். பெயர் யேசுவடியான், நம் சபையில் மணியடித்தவர், காலையில் தமிழ் ஆராதனைக்கும் பிறகு மலையாள ஆராதனைக்கும் ஒரே கயிறு ஒரே கை. யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பவரும் அவர்தான், குழி வெட்டுபவரும் அவர்தான். அளக்க டேப்பு கீப்பு ஒன்றும் கிடையாது. வீட்டு விளையிலிருந்து ஒரு மரச்சீனிக் கம்பை, புத்தகத்தில் மரவள்ளி என்று போடுவார்களே அதை, முறித்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போவார், பிரேதத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்து அளவுக்கு ஒடித்துக்கொள்வார், அந்தக் கம்பை வைத்துத்தான் குழி. அடக்கம் முடிந்ததும் மற்ற ஊர்களில் அதைக் குழியிலேயே போட்டுவிடுவார்களாம். அப்பா போடமாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டிப் பின்பக்கத்து விளையில் நட்டுவிடுவார். ஊரில் கேட்டதற்கு, ‘செத்த ஆளு மண்ணுக்குப் போயாச்சு, கம்பு என்ன தப்பு செய்தது, அது முளைக்கட்டு’ என்று சொன்னார். அது முளைத்தது. அதில் விளைந்த கிழங்கைத்தான் நாங்கள் அவித்துத் தின்று வளர்ந்தோம். அவர் வெட்டிய குழிகளால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், நான் போனதால்தான் கண்டக்டர் வேலை கிடைத்தது, அதனால்தான் நீ இஞ்சினீயர். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிள்ளை கண்ணை விரித்துக்கொண்டு கேட்டது. பயப்படுமோ என்று நான்தான் பயந்தேன், அவள் பயப்படவில்லை, அந்தச் செடி எவ்வளவு உயரம் வளரும் என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அவள் எழுதிய பாட்டை எனக்கு வாசித்துக் காட்டினாள். இங்கிலீஷில்தான், எனக்கு அந்த அளவுக்குப் புரியும். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், கொஞ்சம் உதிர்ந்துதான் போகும், ஆனாலும் நீ ஒருமுறை வாசித்துப் பார்.

பாட்டாவின் அப்பா கயிறு இழுப்பார், ஊர் எழும்பும்.
பாட்டாவின் அப்பா மண் வெட்டுவார், ஊர் உறங்கும்.
ஒரு கம்பை வைத்து எல்லாரையும் அளந்தார்,
பெரிய ஆளையும் அளந்தார், குட்டிப் பிள்ளையையும் அளந்தார்.
அந்தக் கம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து நட்டார்,
அது இலை விட்டது.
அதைத் தின்றவரின் பேத்தி நான்.

வாசித்துவிட்டு, நல்லா இருக்கா பாட்டா என்று கேட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். அம்மா என்ன ஏது என்று பதறினாள், அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவளும் அழுதாள். என் அப்பாவுக்குக் கல்லறைமேல் ஒரு கல்கூட நாங்கள் வைக்கவில்லை. எல்லாருக்கும் குழி வெட்டிய ஆளுக்கு ஒரு கல் வேண்டாமா என்று பலமுறை நினைத்ததுண்டு. அந்தப் பாட்டைக் கேட்டபோது அது போதும் என்று தோன்றிவிட்டது.

அதன்பிறகு பள்ளிக்கூடத்து மேடையில் அவள் வாசித்த வீடியோ வந்தது. நீதான் நம் குடும்பக் குரூப்பில் போட்டாய், ‘அக்சாவுக்குப் பரிசு’ என்று எழுதி ஒரு பூவும் வைத்திருந்தாய். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா பேத்தியின் முகத்தைப் பார்த்ததும், என்ன வாசிக்கிறாள் என்றுகூடக் கேட்காமல், சபையில் பெண்கள் சங்கத்துக் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள். ‘எனக்க மோனுக்க பிள்ள, யேசுவடியான் அப்பாவைப் பற்றி பாட்டு சொல்லுது, எல்லாரும் கேளுங்க’ என்று பேசியும் அனுப்பிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை, நான் சொன்ன பாட்டுத்தான் அது என்று அவள் நம்பினாள். நான் தலை துவட்டிக்கொண்டு வந்து கேட்டேன். பாட்டாவின் அப்பா குன்றின்மேல் வெள்ளைக் கல்லால் ஒரு கோயில் கட்டினாராம். ஏழைகளுக்கு நிலம் கொடுத்தாராம். குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனாராம். குன்று எங்கே ஜெனில்? நம் கோயில் வயலோரத்தில் நிற்பது உனக்கு மறந்துபோயிற்றா? குதிரையாம். என் அப்பாவுக்குச் சைக்கிள்கூடக் கிடையாது. முதல் பாட்டை எனக்கு வாசித்தபோது பிள்ளை தலையைத் தூக்கித் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். மேடையில் அவள் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. தன்னுடைய வார்த்தையாக இருந்தால் பிள்ளைக்குக் காகிதம் வேண்டாம். அது யார் எழுதியது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நம் சபைக்கு நிலம் கொடுத்தது ராபின்சனுடைய பாட்டா. வாசல் கல்லில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது, நீ அதன்மேல் ஏறி நின்று அடி வாங்கியிருக்கிறாய். ராபின்சனின் மகள் அந்த வீடியோவைப் பார்த்து, பிள்ளை இங்கிலீஷில் என்ன சொல்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு நானும் அம்மாவும் போய் வழக்கம்போல் கயிற்றுக்குப் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா மணியடித்த காலத்திலிருந்து நம் குடும்பத்துக்கு அதுதான் இடம், இப்போது கரண்டில் மணி அடிக்கிறது, ஆனாலும் எனக்கு வேறு பெஞ்சில் உட்கார்ந்தால் ஜெபம் வராது. ராபின்சன் முன்னாலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘கோயிலு கெட்டின ஆளுக்க மோன் கடைசி பெஞ்சிலயா இருக்கியது, நீரு முன்னால வாரும், அது நமக்க இடம் இல்ல, உமக்க இடம் ஆக்கும்’ என்று சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருடைய பாட்டாவின் பெயரை என் பேத்தி எடுத்துக்கொண்டாள் என்றால் அவருக்கு வலிக்காதா? அம்மா ஒன்றும் புரியாமல் அவர் நிஜமாகவே மரியாதை செய்கிறார் என்று நினைத்து எழுந்திருக்கப் போனாள். அவள் முந்தியைப் பிடித்து உட்கார வைத்தேன். என் அப்பா குழிவெட்டி என்பதற்காக இந்த வயதுவரை நான் ஒருநாளும் தலைகுனிந்ததில்லை. அவரைக் கோயில் கட்டின பெரியவராக நீ ஆக்கியதற்கு அன்று குனிந்தேன்.

வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பேசினாய். ‘அப்பா, பிள்ளைக்க பாட்டு, இதையெல்லாம் யாரு பாக்கப்போறாவ, ஒரு சின்னக் காரியம் ஆக்கும்’ என்றாய். நான் விடவில்லை. பிறகுதான் உள்ளது வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்பே ரெஜிலாவிடம் உன் பாட்டா சபையைக் கட்டின பெரியவர் என்று சொல்லி வைத்திருக்கிறாய். அவள் வீட்டார் வந்து நம்மைப் பார்த்தபோது நாங்கள் சாயாவும் அச்சப்பமும் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், இப்படி ஒரு பொய்யின்மேல்தான் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவளிடம் நீ அதைத் திருத்தவில்லை. அக்சா தன் பாட்டை வாசித்ததும் ரெஜிலா, இது என்ன குழி வெட்டின கதை என்று கேட்டிருக்கிறாள். அப்போதாவது நீ வாயைத் திறந்திருக்கலாம். அப்பாவுக்கு வயசாச்சு, மறதி வந்தாச்சு, யாருக்கோ நடந்ததை நம் வீட்டில் நடந்ததாகச் சொல்கிறார் என்றாய். பிள்ளைக்கும் அதையே சொல்லி, அவள் பாட்டை எடுத்து வைத்துவிட்டு நீ ஒன்று எழுதிக் கொடுத்தாய்.

உனக்கு ஏன் இந்த வெட்கம் வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் உன்னைச் சாவுக்கிழங்கு தின்னி என்று கூப்பிட்டார்கள், நீ வந்து அவித்து வைத்த மரச்சீனியைத் தட்டோடு முற்றத்தில் வீசினாய். என் அப்பா அதைப் பொறுக்கி எடுத்தார், உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அளவுக்கம்பு ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஊர் சொன்னதற்கு அசையாத மனுஷன் உனக்காக விட்டுக்கொடுத்தார். அப்படிப்பட்ட ஆளை நீ கதையிலிருந்தே எடுத்துவிட்டாய். வெளியாள் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சின்னப் பிள்ளையின் கவலைக்கு மனம் இரங்கலாம், வளர்ந்த ஆள் செய்த துரோகத்தை எந்தக் கணக்கில் வைப்பது? ஆமாம், துரோகம்தான், வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெற்ற அப்பாவை மூளை கலங்கினவன் என்று உன் வீட்டில் சொல்லி வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் மருந்து சாப்பிட்டீங்களா அப்பா என்று நீ கேட்டபோது நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி, போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரியும், நீயும் அங்கே நின்றாய், ஆனால் நான் என்ன பட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அக்சா கூப்பிட்டாள். வழக்கமான சிரிப்பு இல்லை. நோயாளியிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினாள், அதுவே என் நெஞ்சில் தைத்தது. ‘பாட்டா, நீங்க சொன்ன மணிக்கதை நம்ம கதைதானா, இல்ல மறந்துபோய் வேற ஆளுக்க கதையைச் சொன்னீங்களா, எங்கிட்ட சொல்லுங்க, நான் கோபப்பட மாட்டேன்’ என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் கதவோரத்தில் நீ நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ சொல்வாய் என்று காத்திருந்தேன் ஜெனில். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். நீ தரையைப் பார்த்தாய். நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அவளுடைய அப்பா பொய்க்காரன் ஆகிவிடுவான். ஒரு அப்பாவை இழப்பது எப்படி இருக்கும் என்று அந்த வாரம் எனக்குத் தெரிந்திருந்தது, அதை அவளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. ‘ஆமா மக்கா, பாட்டா மறந்துபோச்சு, அது வேற ஆரோ’ என்று சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். அம்மா அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்து நீ பின்னாலிருந்து நகர்ந்துவிட்டாய். அவள் போனை வைக்கவில்லை. என்ன கேட்டாள் தெரியுமா? ‘அப்போ அந்த மணியடிச்ச தாத்தா வீட்டுப் பேத்தி யாரு பாட்டா? அவங்களுக்குத் தெரியுமா? நான் எழுதின பாட்டை அவங்களுக்குக் கொடுத்துரணும்’ என்றாள்.

சிக்னல் இல்லை மக்கா, கேக்கல்லே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ரெஜிலாவிடம் நீ சொல்வாயோ மாட்டாயோ, அது உன் குடும்பக் காரியம், நான் தலையிட மாட்டேன். ஆனால் அக்சாவிடம் நீ சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன், அம்மாவும் சொல்லமாட்டாள், நீயேதான் சொல்ல வேண்டும், பாட்டாவுக்கு மறதி இல்லை, அந்தப் பேத்தி நீதான் என்று. அதைச் சொல்லாமல் அவளை என்னிடம் பேச வைக்காதே. இனி ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் நான் எடுக்கப்போவதில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என் அப்பாவை வேறு யாரோ என்று இன்னொரு தரம் சொல்ல என்னால் ஆகாது. எடுக்காவிட்டால் பாட்டாவுக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு பொய் அவளிடம் சொல்லாதே.

அம்மா உனக்கு அனுப்ப அச்சப்பமும் மிளகுப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், அகிலின் சிநேகிதன் ஒருவன் அங்கே வருகிறானாம், அவன் கையில் கொடுத்துவிடுகிறோம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலேயே காது வலி உண்டு. ரெஜிலாவுக்கு இரவு வேலை என்றால் பிள்ளையைத் தனியே உறங்க விடாதே. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் கண்ணின் மணிபோல் காப்பாராக, உன் வாயில் நல்ல வார்த்தையைத் தருவாராக. உன்மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை, அன்பும் தீரவில்லை.

இப்படிக்கு,
மணியடித்துக் குழி வெட்டிய யேசுவடியானின் மகன்,
உன் அப்பா,
பொன்னுதாஸ்